தாதியிடம் அனுப்பினால் அது தட்டிக்கழிப்பா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. பல வருடங்களாக நீரிழிவு உள்ளது. இன்சுலின் போட்டும் குருதிச் சீனி ஒரு நாள் 300, மறுநாள் 80 என்று தடுமாறுகிறது. கடந்த கிளினிக்கில் வைத்திய நிபுணர் மருந்தைக் கூட்டாமல், நீரிழிவுப் பராமரிப்பில் தனிப் பயிற்சி பெற்ற தாதியைச் சந்திக்கும்படி அனுப்பினார். தம்மைத் தட்டிக்கழித்துவிட்டதாக அப்பா மனம் வருந்துகிறார். போகத்தான் வேண்டுமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள், சகோதரி. நீண்ட காலம் தாதியாகப் பணியாற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன், வைத்திய நிபுணர் உங்கள் அப்பாவின் பிரச்சினையைச் சரியாகவே பிடித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். சீனி இப்படி ஏறி இறங்கும்போது, கோளாறு பெரும்பாலும் மருந்தின் அளவில் இருப்பதில்லை. அதைப் போடும் முறையிலேயே இருக்கும்.

அந்தத் தாதி முதலில் உங்கள் அப்பாவிடம் ஊசியைக் கொடுத்து, வீட்டில் செய்வதைப் போலவே மருந்தை எடுத்துக் காட்டச் சொல்வார். பிறகு வயிற்றை விரல்களால் மெல்லத் தடவிப் பார்ப்பார். நான் பணியில் இருந்தபோது, மூதூரிலிருந்து வந்த ஒரு பெரியவரின் தொப்புளுக்கு இடப்புறம், எலுமிச்சம்பழம் அளவில் மெத்தென்ற ஒரு தடிப்பு என் விரலில் பட்டது. "அதிலே குத்தினால் நோவதில்லை, மகள்" என்றார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போடுவதால் கொழுப்பு திரண்டு உண்டாகும் அந்தத் தடிப்பிலிருந்து இன்சுலின் ஒரு நாள் மந்தமாகவும் இன்னொரு நாள் வேகமாகவும் உடலில் சேர்வதால், எத்தனை அலகு கூட்டினாலும் சீனி கட்டுப்படாது. இடத்தை மாற்றியதும் அதே அளவு மருந்து மிகையாகிச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதால், அளவைக் குறைப்பது பற்றித் தாதி வைத்தியருடன் கலந்து பேசுவார். பிரித்தானியாவில் அதற்கென்று தகுதி பெற்ற தாதியர் தாமே மருந்து எழுதுகிறார்கள். இங்கே அந்தத் தீர்மானம் வைத்தியருடையது.

இன்சுலினை எங்கே வைக்கிறீர்கள் என்றும் கேட்பார். திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். திறந்ததை 30 பாகைக்குக் கீழ் வைத்தால், பெரும்பாலான வகைகளை ஏறத்தாழ 4 வாரம் பாவிக்கலாம். நமது ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வீட்டுக்குள்ளேயே அந்த வெப்பம் தாண்டிவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள், குப்பியை நீர் புகாத பையில் இட்டு, தண்ணீர் நிரப்பிய மண்முட்டியில் நிழலில் வைக்கலாம். உறைந்துபோன இன்சுலினைத் திரும்பப் பாவிக்கவே கூடாது.

அடுத்தது பாதங்கள். மெல்லிய நைலோன் இழையை உள்ளங்காலில் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். உணர்ச்சி குறைந்திருந்தால், கோணேசர் கோயிலின் வெயிலில் சூடேறிய கல்லில் நண்பகலில் வெறுங்காலுடன் நடப்பது அவருக்குத் தெரியாமலேயே கொப்புளமாகி, ஆறாத புண்ணாகிவிடக்கூடும். கோயிலுக்குப் போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கல் சூடேறுமுன் விடியற்காலையில் அழைத்துச் செல்லுங்கள்.

போகும்போது கிளினிக் கொப்பி, இன்சுலின் குப்பி, பாவிக்கும் ஊசி, சீனி பார்க்கும் கருவி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நீங்களும் உள்ளே சென்று அருகில் இருங்கள். அப்பாவின் கை நடுங்கும் நாளில் ஊசி போடப்போவது நீங்கள்தானே.