செயற்கை நுண்ணறிவு எழுதும் மருத்துவக் குறிப்பில் விவரத்தின் அளவை எப்படி அமைப்பது?

மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பு எழுதும் செயலியில், 'விரிவு' என்று வைத்தால் குறிப்பு பக்கம் பக்கமாக நீள்கிறது, 'சுருக்கம்' என்று வைத்தால் தேவையானது விடுபட்டுப் போகிறது, எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பொது மருத்துவராக இத்தகைய செயலியை அன்றாடம் பயன்படுத்துபவன் என்ற முறையில் என் பதில்: குறிப்பு முழுவதற்கும் ஒரே அளவை வைக்காதீர்கள். செயலி இடம் கொடுத்தால் ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக அளவை அமையுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால், குறிப்பு எப்படி அமைய வேண்டும் என்று செயலிக்குச் சொல்லும் மாதிரி வடிவமான டெம்ப்ளேட்டிலேயே பகுதிவாரியாக அறிவுறுத்தல் எழுதிவிடுங்கள்.

நோயாளி சொன்னது, மருத்துவர் பரிசோதனையில் கண்டது, மதிப்பீடு, சிகிச்சைத் திட்டம் என்ற நான்கு பகுதி அமைப்பு, லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1968இல் வலியுறுத்திய, நோயாளியின் பிரச்சினைகளை மையமாகக் கொண்ட பதிவு முறையிலிருந்து வந்தது. நான்குக்கும் வேலை வேறு வேறு என்பதால், நான்கும் ஒரே அளவில் சுருங்கவோ விரியவோ முடியாது.

நோய் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். நெஞ்சுவலியோடு வந்தவரிடம் வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வியர்த்ததா, மூச்சு வாங்கியதா, நடக்கும்போது கூடுகிறதா என்று கேட்கிறோம். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்கிறார். சுருக்கமாக எழுதச் சொன்னால் முதலில் காணாமல் போவது இந்த 'இல்லை'கள்தாம். 'மூன்று நாட்களாக நெஞ்சுவலி' என்ற ஒற்றை வரி மட்டும் மிஞ்சும். ஆனால் அடுத்து என்ன செய்வது என்ற முடிவில் அந்த 'இல்லை'களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே என் டெம்ப்ளேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'மருத்துவர் கேட்டு, நோயாளி இல்லை என்று சொன்ன அறிகுறிகளை விடாமல் ஒரே வரியில் எழுது, கேட்கப்படாத அறிகுறிகளைப் பற்றி எதுவும் எழுதாதே.' இரண்டாம் பாதியை விட்டுவிடாதீர்கள். கேட்கப்படாத ஒன்று 'இல்லை' என்று பதிவாவது, விடுபடுவதைவிட ஆபத்தானது.

பரிசோதனைப் பகுதியில் சிக்கல் நேர்மாறானது. நீங்கள் மௌனமாக ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டதைச் செயலி அறியாது. விரிவாக எழுதச் சொன்னால், வழக்கமான குறிப்புகளில் வரும் 'இதய ஒலிகள் இயல்பு, வயிறு மென்மை' போன்ற வரிகளைத் தானாகவே நிரப்பிவிடும் வாய்ப்பு உண்டு. எனவே, கண்டதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லப்படாததை வெறுமையாக விடும்படி அறிவுறுத்துங்கள்.

மதிப்பீடும் திட்டமும் எந்த நிலையிலும் சுருங்கக் கூடாதவை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் அளவை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்த்து மாற்றுவோம். அதில் 'வார்ஃபரின் அளவு குறைக்கப்பட்டது' என்பது அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்குப் பயன்படாது. 'ஐஎன்ஆர் 3.8, வார்ஃபரின் 5 மில்லிகிராமிலிருந்து 4 மில்லிகிராமாகக் குறைப்பு, ஒரு வாரத்தில் மீண்டும் ரத்தப் பரிசோதனை' என்பதும் ஒரே வரிதான், ஆனால் காரணம், பழைய அளவு, புதிய அளவு, அடுத்த அடி எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு நோயாக இருக்குமோ என்று யோசித்து ஒதுக்கியிருந்தால், ஏன் ஒதுக்கினீர்கள் என்பதும் மதிப்பீட்டில் வர வேண்டும். அதை நோயாளியின் முன் பேசியிருக்க மாட்டீர்கள் என்பதால் நீங்களே தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

குடும்ப வரலாறு, பழைய அறுவை சிகிச்சைகள், பழக்கவழக்கங்கள் ஆகியவை சுருக்கமாகவே இருக்கட்டும். மறுவருகைக் குறிப்பில் சென்ற முறைக்குப் பின் மாறியதை மட்டும் எழுதும்படி செயலிக்குச் சொல்லுங்கள். மனநல ஆலோசனை இதற்கெல்லாம் விதிவிலக்கு: 'உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை' என்று நோயாளி சொன்னது 'மனச்சோர்வு உள்ளது' என்று சுருங்கிவிட்டால், ஆபத்தின் அளவே குறிப்பிலிருந்து மறைந்துவிடுகிறது. அங்கே அவருடைய சொற்களை அப்படியே மேற்கோளாக வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, குறிப்பைத் திருத்திய பிறகு அளவை மாற்றாதீர்கள். பல செயலிகள் திருத்திய குறிப்பைச் சுருக்குவதில்லை. உரையாடலிலிருந்து புதிதாக எழுதுகின்றன. அப்போது உங்கள் திருத்தங்கள் போய்விடலாம், முன்பு இல்லாத பிழையும் நுழையலாம்.

புதிய அமைப்பை முடிவு செய்யுமுன் சில ஆலோசனைகளின் குறிப்புகளை உரையாடலின் எழுத்து வடிவத்தோடு வரிவரியாக ஒப்பிட்டு, விடுபட்டது எது, சொல்லாமலே சேர்ந்தது எது என்று தனித்தனியாகப் பாருங்கள். முதலாவது மிகுந்தால் அந்தப் பகுதியின் அளவைக் கூட்டுங்கள், இரண்டாவது மிகுந்தால் அறிவுறுத்தலை இறுக்குங்கள். ஒலிப்பதிவையும் எழுத்து வடிவத்தையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிடும் செயலிகள் உண்டு என்பதால், இந்த ஒப்பீட்டை அன்றன்றே முடித்துவிடுவது நல்லது.