பாரிஸில் வெளிநாட்டவர் வெலிப் சைக்கிள் எடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். வெலிப் என்பது பாரிஸில் ஒரு நிலையத்தில் எடுத்து, நிலையத்திலேயே திருப்பி விடும் பொது வாடகை சைக்கிள். பிரான்ஸில் முகவரியோ அங்குள்ள வங்கிக் கணக்கோ தேவையில்லை. சர்வதேச வங்கி அட்டை போதும். ஆனால் பிணைத்தொகையாக 300 யூரோவை அட்டையில் நிறுத்தி வைப்பார்கள். அது கட்டணம் அல்ல, பயப்படாதீர்கள். அந்த அளவு வரம்பு அட்டையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சை வண்டி நாமே மிதிப்பது, நீலத்தில் மிதிக்க மின்மோட்டார் உதவும். மோன்மார்த்ர் மேட்டில் ஏற நீலமே நல்லது. இருக்கை பின்பக்கமாகத் திருப்பப்பட்டிருந்தால் தொடாதீர்கள்: பழுதென்று முந்தைய ஆள் உங்களுக்காக விட்டுச்சென்ற அடையாளம் அது. எத்தனை அழகான வழக்கம்! டயரையும் பிரேக்கையும் அழுத்திப் பார்த்தே எடுங்கள்.

திருப்பி விடும்போதுதான் கவனம் தேவை. வண்டியை நிலையத்தின் பூட்டுக்குள் நன்றாகத் தள்ளிப் பூட்டி, கைப்பிடித் திரையில் ‘ஸ்டாப்’ என்று வந்த பிறகே நகருங்கள். பூட்டாவிட்டால் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.