பல்கலைக்கழக ஆய்வுக் களஞ்சியங்களில் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தவிர வேறு என்ன கிடைக்கும்?

பல்கலைக்கழகங்கள் இணையத்தில் நடத்தும் ஆய்வுக் களஞ்சியங்களில் என்னென்ன இருக்கின்றன, ஆய்வு மாணவராக இல்லாமல் சொந்த ஊரின் வரலாற்றை எழுத முயலும் ஒருவருக்கு அவை பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய இருக்கிறது, நிச்சயம் பயன்படும். நான் கல்லூரி நூலகத்தில் பணியாற்றுகிறேன். மாணவர்கள்கூட இதைக் கேட்பதில்லை. தங்கள் தலைப்பை ஒட்டிய ஆய்வேடு ஒன்று கிடைத்தால் போதும் என்று போய்விடுகிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் நாட்டில் எல்லோரும் முதலில் போகும் இடம் ஷோத்கங்கா என்னும் ஆய்வேட்டுக் களஞ்சியம். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி கொண்டுவந்த பிறகு அது வேகமாக வளர்ந்தது. இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் உள்ளன. பழைய ஆய்வேடுகளையும் பல பல்கலைக்கழகங்கள் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கின்றன. உள்ளே போனால் ஓர் ஆய்வேடு ஒரே கோப்பாக இருக்காது. தலைப்புப் பக்கம், சான்றிதழ், உறுதிமொழி, இயல்கள் என்று தனித்தனியாக எண்ணிட்டு வைத்திருப்பார்கள். 80 என்று எண்ணிட்ட கோப்பைப் பார்த்து எண்பது இயல்களா என்று மலைக்க வேண்டாம். தலைப்புப் பக்கத்தையும் முடிவுரையையும் சேர்த்து அந்த எண்ணில் போட்டுவிடுவது அங்கே வழக்கம். எந்த ஆய்வேடானாலும் முதலில் அந்தக் கோப்பைப் படித்துவிட்டால், மீதியைப் படிக்கலாமா வேண்டாமா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து நீங்கள் திறக்க வேண்டியது பின்னிணைப்பு. நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான். ஊர்ப்பெயர் ஆய்வு, வட்டார வழக்கு, நாட்டுப்புறப் பாடல், குலதெய்வ வழிபாடு, சிறுகோயில்கள் என்று தமிழ்த் துறைகளிலும் வரலாற்றுத் துறைகளிலும் வட்டம் வட்டமாக ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இவற்றில் பலவற்றின் இயல்கள் ஒரே அச்சில் வார்த்தவை. நாட்டுப்புறவியல் என்றால் என்ன என்ற விளக்கத்துக்கே நூறு பக்கம் போயிருக்கும். அதைப் படித்துச் சலித்து மூடிவிடாதீர்கள். கடைசிப் பக்கங்களில் அந்த மாணவர் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு ஆகியவை முழுமையாக இருக்கும். தகவலாளர் பட்டியல் இருக்கும்: பெயர், வயது, தொழில், ஊர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுபது வயதில் பாடிக் கொடுத்த ஒரு பாட்டியின் பாட்டை இன்று வேறு எங்கே போய்க் கேட்பீர்கள்? பதிப்பகத்தார் நூலாக வெளியிட்டிருந்தால் பக்கத்தைக் குறைக்க முதலில் வெட்டியிருப்பது இந்தப் பட்டியலைத்தான். களஞ்சியத்தில் வெட்டுவதற்கு யாரும் இல்லை, அதனால் தப்பித்து நிற்கிறது.

ஆய்வேடுகளில் தரமற்றவை ஏராளம், பிறர் எழுதியதை எடுத்து ஒட்டியவையும் உண்டு என்று சொல்வார்கள். உண்மை. எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருப்பதால்தான் அவை வெளிச்சத்துக்கு வருகின்றன. வாதம் சோடையான ஆய்வேட்டில்கூட அதற்காகச் சேகரித்த செய்தி பயனுள்ளதாக இருக்கக்கூடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அடுத்து நான் பரிந்துரைப்பது பலருக்குத் தெரியாத ஒன்று. சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியம். எம்.டி., எம்.எஸ். படிக்கும் மருத்துவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். பாம்புக்கடி, தேள்கடி, எலிக்காய்ச்சல், கர்ப்பகால இரத்தசோகை என்று நம் அரசு மருத்துவமனைகளுக்கு அன்றாடம் வரும் நோயாளிகளை வைத்து எழுதியவை அவற்றில் நிறைய. இங்கேயும் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் தமிழ் ஒப்புதல் படிவம், கேள்விப் படிவம், அதன் பின் ‘மாஸ்டர் சார்ட்’ என்று அவர்கள் சொல்லும் பெரிய அட்டவணை. ஒரு வரிக்கு ஒரு நோயாளி. வயது, பாலினம், எத்தனை மணி நேரம் கழித்து வந்தார், பரிசோதனை அளவுகள், முடிவு என்ன ஆயிற்று. மருத்துவ இதழ்களில் வரும் கட்டுரை சராசரியைச் சொல்லும். அந்தச் சராசரிக்குப் பின்னால் இருந்தவர்களை வரிசையாக இங்கே பார்க்கலாம். அதே களஞ்சியத்தில் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஆகியவற்றின் பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளும் உள்ளன. மருந்துச் சரக்குகளின் குணங்களைப் படிக்கும் குணபாடத் துறையின் ஆய்வு ஒன்றைத் திறந்தால் மருந்துச் சரக்கைப் பற்றிய பழம் பாடல், சரக்கைத் தூய்மை செய்யும் முறையான சரக்குச் சுத்தி, எலிகளிடம் செய்த நச்சுச் சோதனை, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த விவரம் என அனைத்தும் அடுத்தடுத்து வரும். பாடலும் ஆய்வுக்கூட அளவும் இப்படி ஒரே கட்டுக்குள் இருப்பதை நான் வேறு இடத்தில் அதிகம் கண்டதில்லை. வேளாண்மைக்கு என்றால் கிருஷிகோஷ் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளும் பழைய நிறுவன வெளியீடுகளும் அதில் கிடைக்கும்.

ஆய்வேடுகளைத் தாண்டி என்ன உண்டு என்பதற்கு வருகிறேன். இதழில் வெளியான கட்டுரையின் ஆசிரியர் கைப்பிரதி ஒரு வகை. பதிப்பகத் தளத்தில் பணம் கட்டச் சொல்லும் கட்டுரைக்கு, அதை எழுதியவரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில், அச்சுக்கு ஏற்கப்பட்ட வடிவம் இலவசமாகக் கிடைக்கக்கூடும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் 2002லேயே இப்படி ஒரு களஞ்சியத்தைத் தொடங்கிவிட்டது. ஹார்வர்டின் கலை அறிவியல் புலத்துப் பேராசிரியர்கள் 2008இல் தங்கள் கட்டுரைகளைத் திறந்து வைப்பதென்று வாக்களித்தே முடிவெடுத்தார்கள். இவற்றோடு இதழுக்குப் போகும் முன் கருத்துக் கேட்கச் சுற்றுக்கு விடும் பணித்தாள்கள், தொழில்நுட்ப அறிக்கைகள், மாநாட்டுக் கட்டுரைகள், கணினி நிரல்கள், தரவுத் தொகுதிகள். ஆஸ்திரேலியாவின் மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2003இல் தொடங்கிய பாரடிசெக் என்னும் காப்பகம், மொழியியலாளர்களும் இசை ஆய்வாளர்களும் பசிபிக் தீவுகளிலும் சுற்றுவட்டாரங்களிலும் பதிவு செய்த ஒலிநாடாக்களை எண்மமாக்கிக் காக்கிறது. பேசுவோர் அருகிவரும் மொழிகளின் குரல்கள் அவற்றில் இருக்கின்றன.

வெளிநாட்டுக் களஞ்சியங்களில் நீங்கள் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டியவை என்று மூன்றைச் சொல்வேன். கேம்பிரிட்ஜ் களஞ்சியத்தில் ஸ்டீபன் ஹாக்கிங்கின் 1966ஆம் ஆண்டு ஆய்வேடு. தட்டச்சுப் பக்கங்களில் சமன்பாடுகளை மட்டும் கையால் எழுதியிருக்கிறார்கள். 2017 அக்டோபரில் அதைத் திறந்துவிட்ட அன்று கூட்டம் தாங்காமல் தளமே முடங்கியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் கிளாட் ஷானன் 1937இல் எழுதிய முதுநிலைப் பட்ட ஆய்வேடு. மின்சுற்றுகளில் உள்ள ரிலேக்கள் என்னும் மின்விசைகளின் திறப்பையும் அடைப்பையும், உண்மை, பொய் என்ற இரண்டு மதிப்புகளை மட்டும் கொண்ட பூலியன் இயற்கணிதத்தால் எழுதிவிடலாம் என்று காட்டிய ஏடு அது; இன்றைய கணினிச் சுற்றுகளின் வடிவமைப்பு அங்கிருந்து தொடங்குகிறது. முனைவர் பட்டத்துக்குக்கூட எழுதியது இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

மூன்றாவது நமக்கு நெருக்கமானது. யாழ்ப்பாண வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1965இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடு, இலங்கையில் திராவிடக் குடியேற்றங்கள் பற்றியும் யாழ்ப்பாண அரசின் தொடக்கம் பற்றியும் பேசுவது. இப்போது அப்பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரியான சோவாஸின் களஞ்சியத்தில் படிக்கலாம். நாற்பது ஆண்டு கழித்து, இடையில் கிடைத்த தொல்லியல் சான்றுகளைக் கொண்டு, 2005இல் வெளியிட்ட நூலில் அவரே தம் பழைய முடிவுகளிலிருந்து வெகுதூரம் நகர்ந்துவிட்டார். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க முடிகிறதே, அதற்காகவே இந்தக் களஞ்சியங்களை நான் மதிக்கிறேன். பழைய ஏடு அழிந்திருந்தால் பிறர் அதிலிருந்து பிய்த்து எடுத்த மேற்கோள்கள் மட்டும் சண்டைக்குப் பயன்பட்டுக்கொண்டிருக்கும்; ஓர் அறிஞர் எந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு அன்று அப்படி எழுதினார் என்பது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இனி தேடும் வழி. தமிழ் ஆய்வேட்டைத் தமிழில் தட்டச்சு செய்து தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பல தலைப்புகளை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து ஏற்றியிருக்கிறார்கள், அதிலும் ஆளுக்கொரு விதமாக. திருநெல்வேலியை எத்தனை விதமாக ஆங்கில எழுத்தில் எழுத முடியுமோ அத்தனையையும் போட்டுப் பாருங்கள். பல்கலைக்கழகம், துறை, ஆண்டு என்று வரிசையாக இறங்கிப் பட்டியலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போவது இன்னும் நல்லது. கோப்புக்குள் சொல்லைத் தேடுவதும் எளிதில்லை: சில ஏடுகள் வெறும் படங்கள், சில யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்தவை. நகலெடுத்து ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்து விழும். எண்மமாக்கிவிட்டோம் என்று கணக்குக் காட்டுவதோடு நிறுத்தாமல், தேடினால் கிடைக்கும்படி செய்வதற்கும் பல்கலைக்கழகங்கள் ஆள் போட வேண்டும். இது என் நெடுநாள் ஆதங்கம்.

இன்னொரு பெரிய இழப்பு எம்.ஃபில். ஆய்வேடுகள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளோடு அந்தப் பட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது. ஓர் ஊர், ஒரு கோயில், ஒரு சந்தை, ஒரு கண்மாய் என்று சிறு பொருளை எடுத்துக்கொண்டு எழுதியவை அவற்றில் பல. ஊர் வரலாறு எழுதும் உங்களுக்கு முனைவர் பட்ட ஏடுகளைவிட இவை கூடுதலாக உதவும். களஞ்சியங்களுக்குள் வந்தவை குறைவு. மற்றவை கல்லூரித் துறை அலமாரிகளில் ரெக்சின் அட்டையோடு அடுக்கிக் கிடக்கின்றன. துறைக்கு வெள்ளையடிக்கும்போதோ இடம் மாற்றும்போதோ எடைக்குப் போகும் ஆபத்தில் இருப்பவை அவைதான். உங்கள் வட்டாரத்துக் கல்லூரிகளின் தமிழ், வரலாறு, பொருளாதாரத் துறைகளுக்கு நேரில் போய்க் கேளுங்கள். துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் பார்க்க விடுவார்கள்.

கண்ணில் பட்ட ஏட்டைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளவும் தயங்காதீர்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில், அந்நாட்டு ஆய்வேடுகளுக்கெல்லாம் பொது வாயிலாக இருந்த ஈத்தோஸ் சேவையும் முடங்கியது. பல்கலைக்கழகங்கள் தத்தம் களஞ்சியத்தில் பிரதி வைத்திருந்ததால் அந்த ஏடுகளைத் தொடர்ந்து படிக்க முடிந்தது.

இவற்றிலிருந்து ஒரு பாடலையோ வழக்காற்றையோ உங்கள் நூலில் எடுத்தாளும்போது ஆய்வாளர் பெயர், பல்கலைக்கழகம், ஆண்டு ஆகியவற்றோடு, பின்னிணைப்பில் உள்ள தகவலாளரின் பெயரையும் ஊரையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். ஏட்டின் பக்கத்தில் உள்ள நிலையான இணைப்பு எண்ணையும் எழுதி வையுங்கள். தளத்தின் முகவரி மாறினாலும் அந்த எண் ஏட்டிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.