ஆபீஸ் பிராக்கெட் போட்டியில் பத்து சதவீதம் எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: டெக்சாஸில் இர்விங் நகரில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். ஹெச்1பி விசாவில் இருக்கிறேன், கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறேன். அமெரிக்கக் கல்லூரி அணிகள் ஆடும் மார்ச் மேட்னஸ் கூடைப்பந்துத் தொடருக்கு ஆபீஸ் நண்பர்கள் 30 பேர் ஆளுக்கு 20 டாலர் போட்டு பிராக்கெட் (எந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே கணித்து எழுதும் அட்டவணை) நிரப்புகிறோம். பணம் என் கணக்குக்குத்தான் வரும். 63 ஆட்டங்களுக்கும் புள்ளி கணக்குப் போடுவது என் வேலை என்பதால், 10 சதவீதம் நீயே வைத்துக்கொள் என்கிறார்கள். விளையாட்டு அறிவை வைத்துக் கணிப்பது சூதாட்டமா? நண்பர் ஒருவரின் மனைவி பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் இருக்கிறார். அவரும் சேரலாமா?

பதில்: முதல் வேலையாக, அந்த 60 டாலர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைப்பது அது ஒன்றுதான்.

டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 47.02 பிரிவு, ஒரு விளையாட்டின் முடிவின் மீது பந்தயம் கட்டுவதையே நேரடியாகக் குற்றம் என்கிறது. அதனால் 'இது திறமை' என்ற வாதம் எடுபடாது. திறமைப் போட்டிக்கு உள்ள விலக்கு களத்தில் ஆடுபவருக்குத்தான், ஆட்டத்தைக் கணிப்பவருக்கு இல்லை. வெறுமனே பணம் போட்டவருக்கு அதிகபட்சம் 500 டாலர் அபராதம். வழக்கு வந்தால் ஒரு தற்காப்பு உண்டு: பந்தயம் தனிப்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும், ஜெயித்த பணம் தவிர யாருக்கும் எந்த ஆதாயமும் கிடைத்திருக்கக் கூடாது, திறமையும் அதிர்ஷ்டமும் தவிர மற்றபடி வாய்ப்பு எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் செல்லும்.

10 சதவீதம் எடுத்த நிமிடமே இரண்டாவது நிபந்தனை போய்விடும். அதோடு நிற்காது. ஆதாயத்துக்காகப் பந்தயப் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் 47.03 பிரிவில் வருவார். அது சூதாட்டத்தை நடத்திய குற்றம். ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். நண்பர்கள் அன்பாகக் கொடுத்தது என்பதெல்லாம் அங்கே பதிலாகாது.

'தனிப்பட்ட இடம்' என்பதிலும் கவனம் வேண்டும். ஆபீஸ் கட்டடத்தின் பொதுப் பகுதி, ரெஸ்டாரன்ட், அபார்ட்மென்ட்டின் பொதுப் பகுதி எதுவும் இந்தச் சட்டத்தில் தனிப்பட்ட இடம் ஆகாது. லாபியில் நின்று பணம் வாங்குவது, மதியச் சாப்பாட்டுக்குப் போன ஹோட்டலில் பணக் கவர் கைமாற்றிக்கொள்வது, இரண்டுமே வேண்டாம். கம்பெனியின் ஹெச்ஆர் விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நண்பர்கள் பந்தயத்தைத் தேடிக்கொண்டு போலீஸ் வருவது அரிதுதான். ஆனால் உங்களுக்குக் குடியேற்றக் கோப்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை கைதானாலும், வழக்கு தள்ளுபடி ஆனாலும், கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். பின்னாளில் குடியுரிமைக்குப் போகும்போது, சட்டவிரோதமாகச் சூதாடியதுண்டா என்ற கேள்விக்கும் உண்மையைச் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். இரண்டு சூதாட்டக் குற்றங்களில் தண்டனை பெற்றவருக்கு நன்னடத்தை இல்லை என்றே குடியேற்றச் சட்டம் கொள்கிறது. 60 டாலருக்காக இந்த வழியில் கால் வைக்காதீர்கள். உங்கள் நிலையில் நான் சொல்வது, நுழைவுக் கட்டணத்தையே எடுத்துவிடுங்கள். யாரும் பணம் போடாமல், மேனேஜர் ஒரு கிஃப்ட் கார்டு பரிசாகத் தந்தால் பந்தயம் என்ற பேச்சே எழாது.

நண்பரின் மனைவி, பணம் கட்டும் போட்டியில் கண்டிப்பாகச் சேரக் கூடாது. கல்லூரி விளையாட்டுத் துறை ஊழியர்கள் விளையாட்டுப் பந்தயத்தில் இறங்க, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவின் விதி தடை போடுகிறது, பிராக்கெட்டும் அதில் அடக்கம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் பயிற்சியாளர் ரிக் நியூஹைசல், வெளியே நண்பர்களோடு கூடைப்பந்துப் பந்தயத்தில் சேர்ந்ததற்காக 2003-இல் வேலையை இழந்தார். பல்கலைக்கழகத்தின் விதி அதிகாரியே 'சேரலாம்' என்று தவறாக ஈமெயில் அனுப்பியிருந்தார். அதை வைத்து வழக்காடி 2005-இல் 45 லட்சம் டாலர் சமரசத் தொகை பெற்றார். அத்தகைய ஈமெயில் இந்தப் பெண்மணியிடம் இருக்காது.

கட்டணம் வைத்தே தீருவோம் என்றால், வந்த 600 டாலரும் ஜெயித்தவர்களுக்கே போக வேண்டும். ஜெயித்தவர் அதை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். 10 சதவீதம் பற்றி குரூப்பில் ஏற்கெனவே பேசியிருந்தால் பழைய மெசேஜ்களை அழிக்க வேண்டாம். 'நான் எதுவும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை' என்று இன்றே அதே குரூப்பில் எழுதிவிடுங்கள்.