300 டி.பி.ஐ. ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் ஏமாறாதீர்கள்

கேள்வி: நண்பர்களும் நானும் தாளில் கையால் வரைந்து எடுத்த 11 நிமிட அனிமேஷன் படத்தைக் கலைப் புத்தகமாக்குகிறோம். வீடியோவிலிருந்து எடுத்த காட்சிகளை இரட்டைப் பக்கம் நிறைய வைத்தோம். மாதிரி அச்சு மங்கலாக, இருட்டாக வந்தது. காட்சி ஒன்றுக்கு 80 ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் 300 டி.பி.ஐ. ஆக்குவதாக ஒரு தரகர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். டி.பி.ஐ. என்பது அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு; தெளிவான அச்சுக்கு வழக்கமாகக் கேட்பது 300. எச்.டி. வீடியோவின் ஒரு சட்டகத்தில் (ஃபிரேமில்) குறுக்கே 1920 புள்ளிகள்தான் உண்டு. அங்குலத்துக்கு 300 என்று பங்கிட்டால் 6.4 அங்குலம் தேறும். அதையே 20 அங்குல இரட்டைப் பக்கத்தில் இழுத்தால் அங்குலத்துக்கு 96. தரகர் மாற்றித் தருவது ஃபைலில் உள்ள எண்ணை. தண்ணீர் ஊற்றினால் தோசைகள் கூடும், மாவு கூடுமா? கணினியை ஊகித்து வரையச் சொல்லும் மென்பொருள்களும் இருக்கின்றன; அதில் வருவது உங்கள் கைக்கோடு அல்ல. இந்தச் சின்னக் கணக்கைக்கூடச் சொல்லித் தராமல் டிசைன் பட்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது: வரைந்த தாள்கள். பரணில் கிடந்தாலும் தேடி எடுங்கள். ஏ4 தாளின் நீளப் பக்கம் 600 டி.பி.ஐ. ஸ்கேனில் 7000 புள்ளிகளைத் தாண்டும். 23 அங்குலம் வரை கூசாமல் அச்சிடலாம். பாத்திரமும் பின்னணியும் தனித்தனித் தாளில் இருந்தால் தனித்தனியே ஸ்கேன் செய்து அடுக்குங்கள். காமிரா நகர்வதற்காக நீளமாக வரைந்த பின்னணி இருந்தால் இரட்டைப் பக்கம் அதற்குத்தான்; திரையில் அதை யாரும் முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். பென்சில் அழித்த தடத்தைத் துடைத்துவிடாதீர்கள். வீடியோ சட்டகங்களைச் சின்னதாக வரிசையில் வையுங்கள். நொடிக்கு 12 ஓவியம் வரைந்திருந்தால் ஒரு பக்கத்தில் ஒரு நொடி. அசைவு தானாகத் தெரியும்.

இருட்டுக்குக் காரணம், திரை தானே ஒளிர்கிறது, தாள் ஒளிராது. நடுத்தரச் சாயல்களைச் சற்று வெளுக்க வைத்து, அச்சடிக்கப் போகும் அதே தாளில் புரூஃப் (மாதிரி அச்சு) கேளுங்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பரில், வண்ண அச்சின் நான்கு மைகளும் (ஒவ்வொன்றின் முழு அடர்த்தி 100 சதவீதம்) ஓரிடத்தில் சேர்ந்து 300 சதவீதத்தைத் தாண்டினால் காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கித் தரவும் அதே தரகர் பணம் கேட்பார். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. இந்தச் செய்தி ஊருக்குத் தெரியாத வரை அவருக்குக் கொண்டாட்டம்தான். மிச்சமாகும் பணத்தில் நூல் தையல் போடுங்கள்; பசை பைண்டிங் நடுவில் வரும் முகத்தை விழுங்கிவிடும்.