மருத்துவமனைகளின் தர மேம்பாட்டு முயற்சிகள் தாதியர் பணியை எவ்வாறு பாதிக்கின்றன?

சிங்கப்பூரில் முதியோர் வார்டு ஒன்றில் தாதியாகப் பணியாற்றும் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். தர மேம்பாடு எங்களுக்கு மதிப்பையும் தந்திருக்கிறது, சுமையையும் தந்திருக்கிறது. எது மிஞ்சும் என்பது, மாற்றத்தை வகுப்பவர்கள் யார் என்பதைப் பொறுத்தது.

படுக்கைப் புண் வரும் அபாயத்தைக் கணிக்கும் பிரேடன் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். வலியை உணரும் திறன், தோலின் ஈரம், நடமாட்டம், படுக்கையில் புரளும் ஆற்றல், உணவு, உராய்வு என ஆறு கூறுகளுக்குப் புள்ளியிட்டு, கூட்டுத்தொகை 18 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அபாயம் உண்டு என்று கொள்கிறோம். 1980களில் இதை உருவாக்கிய பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் இருவருமே தாதியர். நோயாளியைத் தினமும் தொட்டுப் பார்ப்பவர்கள் வகுத்த கணக்கு என்பதால்தான், இன்று ஓர் இளம் தாதிகூட, “இவருக்குக் காற்று மெத்தை வேண்டும்” என்று மருத்துவரிடம் ஆதாரத்தோடு கேட்க முடிகிறது.

நோயாளிகள் கீழே விழுவதைத் தடுக்கும் முயற்சியில் நிலைமை இவ்வளவு எளிதாக இல்லை. நம் தமிழ்ப் பாட்டிகள் பலர் அழைப்பு மணியை அழுத்தவே மாட்டார்கள். “பிள்ளைங்க பாவம், ஓயாம ஓடுதுங்க” என்று இரக்கப்பட்டு, தாமாகவே கழிவறைக்கு எழுந்து போவார்கள். சுவரில் ஒட்டிய அறிவிப்பால் இந்த மனம் மாறாது, மணிக்கொரு முறை அருகே போய், “பாத்ரூம் போகணுமா பாட்டி?” என்று கேட்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு சுற்றையும் கணினியில் பதிய வேண்டும், பிறகு தணிக்கைக்காக இன்னொரு படிவத்திலும் நிரப்ப வேண்டும் என்று விதிக்கும்போது, கேட்பதற்கு இருந்த நேரத்தைப் பதிவே விழுங்கிவிடுகிறது.

ஆள்பலத்தை விட்டுவிட்டுத் தரத்தைப் பேச முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் தாதியியல் ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், தாதி ஒருவர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை பெற்றவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. தாதியரின் பணிச்சோர்வும் கூடியிருந்தது.

தாதியர் பணியில் சிறந்து விளங்கும் மருத்துவமனைகளுக்குத் தரப்படுவது மேக்னட் அங்கீகாரம். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை 2010இல் பெற்ற அந்த அங்கீகாரத்தின் வேரும் ஆள்பலத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் கடும் பற்றாக்குறை நிலவிய காலத்திலும் தாதியரை ஈர்த்துத் தக்கவைத்த மருத்துவமனைகளை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த திட்டம் அது. முடிவெடுப்பதில் தாதியருக்குப் பங்கு இருக்க வேண்டும் என்பதை அது வலியுறுத்துகிறது. ஆகவே, உங்கள் வார்டில் புதிய தரத் திட்டம் தொடங்கும்போது, அதை வகுக்கும் குழுவில் இரவுப்பணித் தாதி ஒருவர் இருக்கிறாரா என்றும், புதிய படிவம் வந்தால் பழையதில் எது நீக்கப்படும் என்றும் முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்.