தாய்ப்பணியும் சேய்ப்பணியும்: கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் திட்ட மேலாண்மை மென்பொருள்களைக் கையாளும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். ஒரு பணியின்கீழ் மற்றொரு பணியை எப்படி அடுக்குவது என்பது மட்டுமே இன்றைய பொருள். மேலே நிற்பது தாய்ப்பணி, அதன்கீழ் வருவது சேய்ப்பணி.

லாஸ்பேட்டையிலிருந்து, புதிதாக வேலையில் சேர்ந்தவர்: ஜிராவில் எபிக், ஸ்டோரி, சப்-டாஸ்க் ஆகியவற்றுள் எதை எப்போது பயன்படுத்துவது? குழுவில் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள்.

நீங்கள் பேருந்து முன்பதிவுச் செயலி ஒன்றைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். "பயணி இருக்கையைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டலாம்" என்பது ஸ்டோரி, ஏனெனில் அது முடிந்த அன்றே பயணிக்கு ஒரு பயன் கிடைத்துவிடுகிறது. அதற்காக நீங்கள் எழுதும் தரவுத்தள அட்டவணையும் வங்கி இணைப்பும் சப்-டாஸ்க்குகள். அவற்றுள் ஒன்று மட்டும் முடிந்தால் பயணிக்கு எதுவும் கிடைப்பதில்லை. இத்தகைய ஸ்டோரிகள் பல சேர்ந்து "இணையவழி முன்பதிவு" என்னும் எபிக்கை நிறைவு செய்கின்றன. எதை எங்கே வைப்பது என்ற ஐயம் எழும்போதெல்லாம், "இது முடிந்தால் எது முடிந்ததாகும்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு விடை இல்லாத, "இதர வேலைகள்" என்பது போன்ற பெயருடைய எபிக்கைத் திறக்கவே திறக்காதீர்கள். அது எபிக் அன்று, அலமாரி. ஆண்டு முடிந்தாலும் அது மூடாது.

புதுச்சேரியிலிருந்து, கட்டடக் கலைஞர்: தமிழர் பகுதியில் உள்ள பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்கிறோம். கொத்து வேலை, தச்சு வேலை, சுண்ணாம்புப் பூச்சு, மின்வேலை என்று பிரித்து எம்.எஸ். புராஜெக்ட்டில் ஏற்றியிருக்கிறேன். நான்கும் பாதி பாதி முடிந்திருக்கின்றன. ஆனால் வீட்டுக்காரர் "எந்த அறை தயார்?" என்று கேட்டால் என்னால் விடை சொல்ல முடியவில்லை.

அம்மா, உங்கள் கேள்வியிலேயே நோய் தெரிகிறது. நீங்கள் வேலை செய்வோரின் வகைப்படி பிரித்திருக்கிறீர்கள்; வீட்டுக்காரர் வீட்டின் பகுதிப்படி கேட்கிறார். மேல் அடுக்கில் திண்ணை, தாழ்வாரம், முற்றம், மச்சுத் தளம், பின்கட்டு என்று வீட்டின் உறுப்புகளே நிற்க வேண்டும். மச்சுத் தளத்தின்கீழ், உளுத்த தேக்குக் கட்டைகளை மாற்றுதல், அவற்றின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்தல், சுண்ணாம்புக் காரைத் தளம் போட்டு அடித்து இறுக்குதல், மேலே ஓடு பதித்தல் என்பவை வரிசையாக அமையட்டும். தச்சரும் கொத்தனாரும் ஒரே தாய்ப்பணியின்கீழ் அடுத்தடுத்து வருவார்கள். யார் செய்கிறார் என்பது அட்டவணையின் ஒரு நெடுவரிசையில் ஒவ்வொரு பணிக்கும் எதிரே இருந்தால் போதும்.

இப்படி அமைப்பதால் கணக்கு நேராவதோடு, காலம் பற்றிய உண்மையும் வெளிப்படுகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும் ஊர் இது. மச்சுத் தளம் தனித் தாய்ப்பணியாக இருந்தால், அதன் கடைசி நாள் மழைக்கு முன்னே விழுகிறதா பின்னே விழுகிறதா என்பது ஒரே வரியில் தெரியும். "கொத்து வேலை 50%" என்ற வரியில் அது ஒருபோதும் தெரியாது. சுண்ணாம்பை நீற்றி ஊற வைக்கும் நாட்களையும் ஒரு பணியாக ஏற்றிவிடுங்கள். ஆள் யாரும் உழைக்கவில்லை என்பதற்காக அந்தக் காத்திருப்பை விட்டுவிட்டால், அட்டவணை பொய் சொல்லத் தொடங்கும்.

முதலியார்பேட்டையிலிருந்து: எத்தனை அடுக்கு வரை போகலாம்?

ஆசானாவில் சேய்ப்பணிகளை ஐந்து அடுக்கு வரையும் கிட்ஹப்பில் எட்டு அடுக்கு வரையும் அமைக்கலாம். எனினும் பெரும்பாலான குழுக்களுக்கு மூன்று போதும். நான்காவதைச் சேர்க்குமுன், அந்த அடுக்கைப் பார்த்து முடிவெடுக்கப்போகிறவர் யார் என்று கேளுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்த அடுக்கும் வேண்டியதில்லை.

கடலூர் சிப்காட்டிலிருந்து, பராமரிப்புப் பொறியாளர்: கட்டடக் கலைஞருக்குச் சொன்னது தொழிற்சாலைக்குப் பொருந்தாது, ஐயா. ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஆண்டு ஷட்டவுனின்போது சாரம் கட்டுவோர், குழாய் வேலை செய்வோர், இன்சுலேஷன் போடுவோர் என்று ஒப்பந்தக்காரர் வாரியாகத்தான் பில் வருகிறது. அடுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஷட்டவுனின் நான்காம் நாள் ஆலை மேலாளர் உங்களிடம் எதைக் கேட்பார்? எந்த வெப்பப் பரிமாற்றியைத் திருப்பி ஒப்படைக்கலாம் என்று கேட்பார். உங்கள் அடுக்கு "சாரம் 80%, குழாய் 60%" என்று சொல்லும். அதை வைத்து ஒரு வால்வைக்கூடத் திறக்க முடியாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1968-ல் வெளியிட்ட மில்-ஸ்டாண்டர்டு 881 என்னும் தர ஆவணம் வேலைப் பகுப்பை முறைப்படுத்தியபோது, இறுதியில் கிடைக்கும் பொருளை மையமாக வைத்தே குடும்ப மரத்தை வரையச் சொன்னது. அங்கும் ஒப்பந்தக்காரர்கள் பலர், பில்களும் பல. ஒப்பந்தக்காரர் பெயரை ஒரு நெடுவரிசையாக வைத்து, எம்.எஸ். புராஜெக்ட்டில் அதன்படி குழுவாக்கிப் பாருங்கள். பில்லுக்கு வேண்டிய கூட்டுத்தொகை அப்போதே கிடைக்கும்.

அதே பொறியாளர்: மூன்று பரிமாற்றிகளுக்கும் சேர்த்து ஒரே சாரம்தான் கட்டுகிறோம். அது எந்தப் பரிமாற்றியின் சேய்? "பொது வேலைகள்" என்று தனிக்கிளை வைத்தால், அது நீங்கள் எச்சரித்த அலமாரிதானே?

இது நல்ல கேள்வி; இதற்கு மேலே நான் எழுதியது போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணிக்குத் தாய் ஒன்றுதான் இருக்க முடியும். மூன்று இடங்களில் ஒரே சாரத்தை எழுதினால் உழைப்பு மும்மடங்காகக் கணக்காகும். எனவே தனிக்கிளை வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதற்குப் "பொது வேலைகள்" என்று பெயரிடாமல், "கிழக்கு வரிசைச் சாரம்" என்று பொருளின் பெயரையே இடுங்கள். அப்போது அதற்கு ஒரு முடிவு உண்டு: பாதுகாப்பு ஆய்வாளர் சாரத்தை ஏற்றுக்கொண்ட நேரம் கட்டுதலின் முடிவு, மூன்றாவது பரிமாற்றியின் இன்சுலேஷன் முடிந்தபின் பிரித்து இறக்குவது கிளையின் முடிவு. அலமாரிக்கு இத்தகைய முடிவு கிடையாது. சாரத்துக்கும் பரிமாற்றிகளுக்கும் உள்ள உறவை முன்பணி, பின்பணி இணைப்பால் காட்டுங்கள். அந்த இணைப்பைச் சுருக்கப்பணிகளுக்கிடையே, அதாவது தாய்ப்பணிகளுக்கிடையே, போடாமல், அடியில் உள்ள பணிகளுக்கிடையே போடுங்கள். இல்லையெனில் சாரம் தேவைப்படாத வேலையும் சாரத்துக்காகக் காத்து நிற்கும்.

நெய்வேலியிலிருந்து: இருவரும் ஏன் இவ்வளவு சிக்கலாக்குகிறீர்கள்? அடுக்கே வேண்டாம், குறிச்சொற்கள் போதும்.

நாள்தோறும் வரும் பழுது அழைப்புகளை ஐந்து பேர் கவனிக்கும் குழு என்றால் நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். அங்கே ஒவ்வொரு அழைப்பும் தனித்து நிற்பது, தாய் தேவையில்லை. ஆனால் முடிவுடைய திட்டத்தில் குறிச்சொல்லால் ஒன்றைச் செய்ய முடியாது. சேய்ப்பணிகள் எல்லாம் சேர்ந்தால் தாய்ப்பணி முழுவதும், கூடுதலோ குறைவோ இன்றி அடங்க வேண்டும் என்பது அடுக்கின் விதி. அதை நூறு விழுக்காட்டு விதி என்பார்கள். அந்த விதி இருப்பதால்தான், "நீரழுத்தச் சோதனையை யாருமே எழுதவில்லையே" என்று ஒருவரால் கண்டுபிடிக்க முடிகிறது. குறிச்சொல், இருப்பவற்றின் வகையைச் சொல்லும், விடுபட்டதைச் சொல்லாது.

வில்லியனூரிலிருந்து: அஷூர் டெவ்ஆப்ஸில் யூசர் ஸ்டோரிக்குள் இன்னொரு யூசர் ஸ்டோரியை வைத்தேன். பலகையில் தாய் ஸ்டோரியைக் காணவில்லை.

ஒரே வகைப் பணியை அதே வகைக்குள் அடுக்கினால் பலகையில் அடிமட்டத்தில் உள்ளவை மட்டுமே தெரியலாம். பேக்லாக்கில், அதாவது செய்யவேண்டியவற்றின் பட்டியலில், வரிசை மாற்றுவதும் தடைப்படும். அஷூர் டெவ்ஆப்ஸ் தரும் அஜைல் என்னும் அமைப்பில் எபிக், ஃபீச்சர், யூசர் ஸ்டோரி, டாஸ்க் என்று நான்கு நிலைகள் உள்ளன. தாயை ஃபீச்சராக வகை மாற்றுங்கள்.

அரியாங்குப்பத்திலிருந்து: ரெட்மைனில் தாய்ப்பணியின் நிறைவு விழுக்காட்டை மாற்ற முடியவில்லை. இரண்டில் ஒன்று முடிந்தும் 10% என்றே காட்டுகிறது.

இயல்பான அமைப்பில் ரெட்மைன் அதைச் சேய்ப்பணிகளிலிருந்து, மதிப்பிட்ட நேரத்தின் எடையோடு, தானே கணக்கிடுகிறது. முடிந்தது 1 மணி நேரப் பணியாகவும் தொடங்காதது 9 மணி நேரப் பணியாகவும் இருந்தால் 10% என்பது சரியான விடை. நிர்வாக அமைப்புகளில் இதைத் தனித்து இயங்குமாறு மாற்ற முடியும், ஆனால் மாற்றாதீர்கள். கையால் எழுதும் விழுக்காடு பெரும்பாலும் விருப்பத்தின் அளவாகவே இருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: ஐயா, எத்தனை அடுக்கு வைக்கலாம்?

முதலியார்பேட்டை உறுப்பினருக்கு எழுதிய விடையைப் படியுங்கள்.

உழவர்கரையிலிருந்து: ஜிராவில் ஒரே ஸ்டோரியின் இரண்டு சப்-டாஸ்க்குகளை வெவ்வேறு ஸ்பிரிண்டில் (குறித்த சில வாரங்கள் கொண்ட வேலைச் சுற்றில்) வைக்கலாமா?

முடியாது, சப்-டாஸ்க் தன் தாயின் ஸ்பிரிண்டிலேயே இருக்கும். அப்படி ஒரு தேவை வந்தால் ஸ்டோரி பெரிதாகிவிட்டது என்று பொருள். அதை இரண்டு ஸ்டோரிகளாகப் பிரியுங்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: சமையல் ஒப்பந்தத் தொழிலுக்கு எந்த மென்பொருள் மலிவு? எத்தனை அடுக்கு வேண்டும்?

விலை பற்றிய கேள்வியைத் தனியாக எழுப்புங்கள், அதை அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அடுக்கைப் பற்றி இன்று இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. உங்களுக்கு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: ஒவ்வொரு திருமணமும் ஒரு தாய்ப்பணி. "காய்கறி" என்று ஆண்டு முழுவதும் ஓடும் தாய்ப்பணியை உருவாக்காதீர்கள், அதுவும் அலமாரியே.

கட்டடக் கலைஞர் மீண்டும்: நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன். சேய்ப்பணிகள் எல்லாம் 100% ஆனால் தாய்ப்பணியும் தானாக 100% ஆகிவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

ஒரு பகுதியின்கீழ் வரும் மின்வேலைக்கு விடலாம். மச்சுத் தளத்துக்கு அப்படி விடாதீர்கள். ஓடு பதித்து முடித்தவுடன் எல்லாச் சேய்ப்பணிகளும் நிறைவடைந்துவிடும், ஆனால் தளம் ஒழுகுகிறதா என்பது அப்போது எவருக்கும் தெரியாது. தளத்தில் நீர் தேக்கி, மறுநாள் கீழே நின்று ஒவ்வொரு கட்டையையும் பார்ப்பதைக் கடைசிச் சேய்ப்பணியாகச் சேருங்கள். அதற்குக் கொத்தனாரின் பெயரை இடாமல் உங்கள் பெயரை இடுங்கள். செப்டம்பர் இறுதிக்குள் ஒரு தேதியும் குறித்துவிடுங்கள்.